லெனேசியாவில் குளிர்கால விதைப்பு: எந்த பிளாஸ்டிக் டப்பா தாங்குச்சு, எது தாங்கலை

பின்னணி

தென்னாப்பிரிக்காவுல, ஜோகன்னஸ்பர்க்குக்குத் தென்மேற்கே லெனேசியாவுல ஒரு கோயிலுக்குப் பின்னாடி சும்மா கிடந்த நிலத்துல சில பெண்கள் சேர்ந்து காய்கறி போடுறாங்க. விளையிறது கோயில் சமையலுக்கும், மாசாமாசம் கஷ்டப்படுற குடும்பங்களுக்குக் கொடுக்கிற பைகளுக்கும் போகும். மொதல்ல நாத்தெல்லாம் நர்சரியிலதான் வாங்கிட்டு இருந்தாங்க, விலை ஏறிக்கிட்டே போனதால அடுத்த சீசனுக்கு விதையிலிருந்து நாமே எழுப்பிக்கலாம்னு முடிவாச்சு. கிரீன்ஹவுஸ் கிடையாது, சூடு பண்ற மேட் வாங்கலாம்னா கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாத ஊரு, அதனால அந்தப் பேச்சு அப்பவே முடிஞ்சிடுச்சு.

குழுவுல மூத்தவங்க ஒரு ஆயா. டர்பனுக்கு வடக்கே டொங்காட் பக்கம் தோட்டக்காரக் குடும்பத்துல பொறந்து, கல்யாணமாகி லெனேசியா வந்தவங்க. அவங்க மருமக போன்ல ஒரு முறையைப் பார்த்துட்டு வந்து சொன்னாங்க: பழைய பால் பாட்டிலைப் பாதியா வெட்டி, உள்ள மண்ணு போட்டு விதைச்சு, திரும்ப மூடி குளிர் காலத்துலயே வெளியில வெச்சிட்டா வசந்தம் வரும்போது விதை தானா முளைக்கும்னு. அமெரிக்காவுல நியூயார்க் பக்கம் ட்ரூடி டேவிடாஃப்னு ஒருத்தங்க பரப்புன முறை இது. பாட்டில் ஒரு குட்டி கண்ணாடி வீடு மாதிரி, விதை அதுக்கு ஏத்த நேரம் வரும்போது முளைக்கும், வெளியிலயே வளர்ந்த நாத்துங்கிறதால நடும்போது வாடாது. என்னைக் கூப்பிட்டு "அக்கா, நம்ம ஊருக்கு இது ஒத்து வருமா"ன்னு கேட்டாங்க. ஒத்து வரும், ஆனா டப்பா பொறுக்குறதுல கவனம் வேணும்னு சொன்னேன். அங்கேருந்து அறுவடை வரைக்கும் கூட இருந்து பார்த்ததைத்தான் எழுதுறேன், ஹைவெல்ட் பக்கம், அதாவது ஜோகன்னஸ்பர்க்கைச் சுத்தின மேட்டு நிலத்துல, இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு உதவும்.

ஒரு விஷயத்தை முன்னாடியே சொல்லிடணும். இந்த முறை பொறந்த ஊர்ல குளிர்காலம்னா பனிக்கட்டி விழும், அது உருகி பாட்டில் வாய் வழியா உள்ள இறங்கும், யாரும் தண்ணி ஊத்த வேண்டாம். நம்ம ஹைவெல்ட் அப்படியே தலைகீழ். இங்க மழை பெருசா அக்டோபர்லேருந்து மார்ச் வரைக்கும்தான், நமக்குக் குளிர்காலமான ஜூன் ஜூலை ஆகஸ்ட்ல சொட்டு விழுந்தா அதிசயம். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துலேருந்து 1,700 மீட்டருக்கு மேல இருக்கு, அதனால ஜூலையில பகல் 17 டிகிரிதான்னாலும் வெயில் சுளீர்னு அடிக்கும், ராத்திரி சராசரி 4 டிகிரி, பள்ளமான இடத்துல பூஜ்யத்துக்குக் கீழயும் போகும். பகல்ல வேகும், ராத்திரி உறையும், எந்நேரமும் காயும். டப்பா இந்த மூணையும் சமாளிக்கணும்.

டப்பா சேகரிப்பும் பிரிப்பும்

ஜூன் ஆரம்பத்துல வீடு வீடா சொல்லி வெச்சு சேர்த்தாங்க, ஒரு தம்பி பக்கியில (பின்னாடி திறந்த சின்ன வண்டியில) ஏத்திட்டு வந்து கோயில் ஹால் வாசல்ல கொட்டுனாரு. ரெண்டு லிட்டர் பால் பாட்டில், ரெண்டு லிட்டர் கூல்ட்ரிங்க் பாட்டில், ஹால் சமையல்ல மிஞ்சுன 5 லிட்டர் எண்ணெய் பாட்டில், ஐஸ்க்ரீம் டப்பா, மார்ஜரின் டப்பா, கடையில கறி வாங்குனா குடுக்கிற தட்டையான டேக்அவே டப்பா, ஸ்ட்ராபெர்ரி பெட்டி, கேக் மூடி, எல்லாம் கலந்து கிடந்துச்சு. நீச்சல் குளத்துக்குப் போடுற க்ளோரின் வந்த ஒரு பெரிய வாளியும் இருந்துச்சு.

அடியில முக்கோணத்துக்குள்ள இருக்கிற நம்பரைப் பார்த்துப் பிரிச்சோம். 1 கூல்ட்ரிங்க், எண்ணெய் பாட்டில். 2 பால் பாட்டில். 5 ஐஸ்க்ரீம், மார்ஜரின், டேக்அவே. இந்த மூணையும் வெச்சுக்கிட்டோம். நம்பர் 6 போட்ட கேக் மூடி கத்திரி பட்ட உடனே கண்ணாடி மாதிரி தெறிக்குது, அதை எடுத்துட்டோம். நம்பர் 3 பிவிசி, ஓட்டை போட சூடு பண்ணா கெட்ட புகை வரும், சாப்பாட்டுச் செடிக்கு வேணவே வேணாம்னு விட்டாச்சு. 7ன்னா உள்ள என்ன கலவைன்னே தெரியாது, அதையும் விட்டோம்.

க்ளோரின் வாளிக்கு மட்டும் கொஞ்சம் வாக்குவாதம். ஆயா "நல்லா தேச்சுக் கழுவுனா போதும்மா, எவ்ளோ பெருசு பாரு"ன்னாங்க, வீணாக்கக் கூடாதுங்கிற மனசு அவங்களுக்கு. ஆனா மருந்து, பெயிண்ட், பூச்சிக்கொல்லி, க்ளோரின் இதெல்லாம் வந்த டப்பாவுல கீரை போடக் கூடாது, எத்தனை தடவை கழுவுனாலும் சரி. குழந்தைங்க சாப்பிடப் போறதுன்னு சொன்னதும் அவங்களே எடுத்து ஓரமா வெச்சிட்டாங்க.

வெளிச்சத்துக்கு ஒரு சுலபமான சோதனை. டப்பாவுக்குள்ள கைய விட்டு வெயிலுக்கு நேரா புடிச்சா வெளியிலேருந்து விரல் நிழல் தெரியணும். சில பால் பாட்டில் சுத்த வெள்ளையா வருது, விரல் தெரியலை, அதெல்லாம் லேபிள் வெட்டுறதுக்குப் போச்சு.

எடுத்த முடிவுகள், ஏன்

என் பக்கத்துலேருந்து ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னேன்: மண்ணு குறைஞ்சது நாலு விரக்கடை ஆழமாவது, அதாவது எட்டு பத்து சென்டிமீட்டர் நிக்கணும், அதுக்கு மேல நாத்து வளர அதே அளவு எடம் வேணும். இணையத்துல பார்க்கிற படத்துல எல்லாம் வெளிச்சத்தைப் பத்தித்தான் பேசுறாங்க, தெளிவான பிளாஸ்டிக் தேடுங்கன்னு. நம்ம ஊர்ல வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை, தண்ணிக்குத்தான் பஞ்சம். ஆழமான மண்ணு மெதுவா காயும், ஈரமா இருக்கிற மண்ணு பகல் சூட்டைப் புடிச்சு வெச்சு ராத்திரி விடும், அதனால உறைபனிக்கும் அதே ஆழம்தான் காப்பாத்தும். தட்டையான டேக்அவே டப்பா வேணாம்னு சொன்னேன், ஆனா அதுதான் ஏராளமா இருந்துச்சு, ரெண்டு பேர் "போட்டுத்தான் பார்ப்போமே அக்கா"ன்னாங்க, சரி அதுவும் ஒரு பாடம்னு ஒரு வரிசை ஒதுக்கியாச்சு.

ஓட்டை போடுறதைக் கொஞ்சம் விவரமா சொல்றேன், பலபேர் இங்கதான் கோட்டை விடுறாங்க. ரெண்டு லிட்டர் கூல்ட்ரிங்க் பாட்டிலோட அடியைத் திருப்பிப் பாருங்க, அஞ்சு இதழ் மாதிரி கால் இருக்கும், நடுவுல மேடு. மருமக நடுவுல ஓட்டை போட ஆரம்பிச்சாங்க. அந்த மேட்டுல ஓட்டை போட்டா அஞ்சு காலுக்குள்ளயும் தண்ணி தேங்கி நிக்கும், வேரு அழுகும். ஒவ்வொரு காலோட அடி நுனியிலயும் ஒரு ஓட்டை வேணும். பால் பாட்டிலுக்கும் அதே கதை, நடு அடி உள்பக்கமா தள்ளியிருக்கும், அதனால நாலு மூலையிலயும் போடணும். அது போக பக்கவாட்டுல, அடியிலேருந்து ஒரு விரல் உயரத்துல ரெண்டு ஓட்டை, தரையில உக்காரும்போது அடி ஓட்டை அடைஞ்சாலும் இது காப்பாத்தும். சால்டரிங் அயர்ன்ல வெளியில காத்தோட்டமா உக்காந்து போட்டோம். நம்பர் 2 வெண்ணெய் மாதிரி இறங்குது, நம்பர் 1 சூட்டுல சுருங்கி ஓட்டையைச் சுத்தி தடிக்குது, அதுக்கு கூர்மையான ஆணியும் சுத்தியும் மேல்.

எண்ணெய் பாட்டில் கழுவுறதுல ஒரு சிக்கல் வந்துச்சு. கொதிக்கிற தண்ணி ஊத்துனா சட்டுனு போயிடும்னு ஒருத்தர் ஊத்த, பாட்டில் கோணிக்கிச்சு. நம்பர் 1 பிளாஸ்டிக் ஒரு 70 டிகிரி வாக்குல இளக ஆரம்பிச்சிடும். வெதுவெதுப்பான தண்ணி, பாத்திர சோப்பு, ஒரு கைப்பிடி மணல் போட்டுக் குலுக்குனா போதும், ரெண்டு மூணு தடவை.

வெட்டும்போது கைப்பிடிக்குக் கீழ சுத்தி வெட்டி, ஒரு பக்கம் மூணு விரல் அகலம் விட்டுடணும், அது கீல். மூடுறதுக்கு டேப் ஒட்டலாம்னா நம்ம வெயிலுக்கு சீக்கிரமே உரிஞ்சு வந்துடும், அதனால ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு கயிறு கட்டுனோம். ஐஸ்க்ரீம் டப்பா மூடியில நடுவை ஜன்னலா வெட்டி, ஓரத்தை மட்டும் விட்டு, தெளிவான பிளாஸ்டிக் பையை இழுத்து வெச்சு அந்த ஓரத்தை அழுத்துனா அழகா நிக்குது, பையில நாலு இடத்துல குத்தி விட்டாச்சு.

என்ன விதைக்கிறதுன்னும் முடிவாச்சு. முட்டைகோஸ், லெட்டூஸ், ஸ்பினாச், டானியா (கொத்தமல்லி), மேத்தி (வெந்தயக்கீரை) இதெல்லாம் ஜூன் கடைசியில. ஆயாவுக்கு மிளகாயும் அப்பவே போடணும்னு ஆசை, செண்டுமல்லியும் புரட்டாசி சனிக்கிழமைக்கு வேணும்னாங்க. ரெண்டும் குளிர் தாங்காத செடி. செண்டுமல்லி ஆகஸ்ட்ல விதைச்சாத்தான் சரியா வரும், அப்படின்னா புரட்டாசிக்கு பூ கிடைக்காது, தீபாவளிக்குத்தான் கிடைக்கும்னு சொன்னேன். அதுக்கு ஒத்துக்கிட்டாங்க. மிளகாய்க்கு மண்ணு சூடு 25 டிகிரிக்கு மேல இருந்தாத்தான் ஒழுங்கா முளைக்கும், ஆனாலும் ரெண்டு பால் பாட்டில் மட்டும் ஆயா ஆசைக்காகப் போட்டோம்.

கவனிச்சது

மொத வாரத்துலயே வித்தியாசம் தெரிய ஆரம்பிச்சுது. கூல்ட்ரிங்க் பாட்டில் சிலதுல மூடியைக் கழட்டாம விட்டிருந்தாங்க, உள்ள ஈரம் நிக்கட்டும்னு. நடுப்பகல்ல தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தா வெளியில 17, உள்ள 40ஐத் தாண்டியிருக்கு. பக்கத்துல மூடி இல்லாத பால் பாட்டில்ல 27 வாக்குலதான். அந்தத் தெளிவான பாட்டில்ல போட்ட லெட்டூஸ் ஒண்ணு கூட வரலை, அதே பாக்கெட் விதை பால் பாட்டில்ல பச்சைப் பொட்டு வெச்ச மாதிரி வந்துச்சு. விதை கெட்டதுன்னு ஒருத்தர் சொன்னாங்க, அது இல்லை. லெட்டூஸ் விதைக்கு மண்ணு சூடு 30 கிட்ட போனா முளைக்காம அப்படியே அடங்கிடும், குளிர்காலத்துல கூட பாட்டிலுக்குள்ள நாமளே கோடையை உண்டாக்கிட்டோம். பால் பாட்டில் மங்கலா இருக்கிறதால வெயிலைப் பரப்பி விடுது, சூடும் அவ்ளோ ஏறலை.

டேக்அவே டப்பா ரெண்டு நாள்ல காஞ்சு போச்சு. காலையில ஊத்துனா மறுநாள் சாயங்காலம் மண்ணு ஓரத்துலேருந்து விலகி நிக்குது. மேத்தி சீக்கிரம் முளைக்கிற செடிங்கிறதால அதுல வந்துச்சு, வந்ததும் வாடிடுச்சு.

ஜூலையில ஒரு நல்ல குளிர் அடிச்சுது, காலையில புல்லெல்லாம் வெள்ளை. அன்னைக்கு மருமக மார்ஜரின் டப்பாவைத் தூக்க, கையிலயே பொளந்துக்கிச்சு, மண்ணு நாத்து எல்லாம் கீழ. நம்பர் 5ல சாதாரண ரகம் பூஜ்யம் டிகிரி கிட்ட போனா நொறுங்கும். ஐஸ்க்ரீம் டப்பாவும் அதே நம்பர்தான், ஆனா அது ஃப்ரீசருக்காகவே செஞ்ச ரகம், ஒண்ணும் ஆகலை. அதனால நம்பரை மட்டும் நம்பக் கூடாது, அந்த டப்பா மொதல்ல எதுக்காகச் செஞ்சதுன்னும் பார்க்கணும்.

பாட்டில் சுவரைத் தொட்டுக்கிட்டிருந்த இலை மட்டும் கருகுச்சு, நடுவுல இருந்ததுக்கு ஒண்ணும் இல்லை. முட்டைகோஸ் நாத்து ஊதா நிறமா மாறுச்சு, ஆயா நோய்னு பயந்துட்டாங்க. குளிர்ல வேரு பாஸ்பரஸ் எடுக்க முடியாம அப்படி ஆகும், சூடு வந்தா சரியாயிடும்னு சொன்னேன், ஆகஸ்ட் நடுவுல பச்சை திரும்பிடுச்சு.

ஹடீடா பறவை வேற. புழு தேடி அந்த நீள மூக்கை பாட்டில் வாய்க்குள்ள விட்டுக் குத்திப் போட்டுது, ஒரே விடியகாலையில ஒரு வரிசை சாஞ்சு கிடந்துச்சு.

நடுவுல மாத்துனது

எல்லா மூடியையும் கழட்டியாச்சு, மொத வேலை அதுதான். வரிசையை வடக்குப் பார்த்த சுவத்துலேருந்து கிழக்குப் பார்த்த சுவத்துக்கு மாத்துனோம், காலை வெயில் மட்டும் கிடைக்கும், மத்தியான சூடு அடிக்காது. பூமியோட வட பாதியில இருக்கிறவங்க தெற்கு சுவர் தேடுவாங்க, நமக்கு சூரியன் வடக்குல போகுதுங்கிறதை படம் பார்த்துச் செய்யிறவங்க மறந்துடுறாங்க. தெளிவான பாட்டில் மேல மட்டும் பழைய ஷேட் நெட் ஒரு மடிப்பு போட்டோம். லெட்டூஸை அதுல திரும்ப விதைச்சோம், வந்துச்சு.

தண்ணியை மேலேருந்து ஊத்துறதை நிறுத்திட்டோம். தக்காளிக் கூடைக்குள்ள தடிப்பான பிளாஸ்டிக் விரிச்சு, பாட்டிலை நெருக்கி அடுக்கி, அதுல ஒரு விரல் உயரம் தண்ணி விட்டு அரைமணி நேரம் கழிச்சு வடிச்சிடறது. அடி ஓட்டை வழியா மண்ணு தானா உறிஞ்சிக்கும், சின்ன நாத்து சாயாது. கூடையில இறுக்கமா இருக்கிறதால ஆகஸ்ட் காத்துலயும் எந்தப் பாட்டிலும் பறக்கலை, மேல கோழி வலை போட்டதும் ஹடீடாவும் விட்டுடுச்சு.

எப்ப ஊத்தணும்னு ஆயா கண்டுபுடிச்ச வழி எனக்கு ரொம்பப் புடிச்சுது. விடிஞ்சதும் வந்து பாட்டில் உள் சுவரைப் பார்ப்பாங்க. முத்து முத்தா தண்ணி கோத்திருந்தா அன்னைக்கு வேணாம். சுவர் காஞ்சிருந்தா தூக்கிப் பார்ப்பாங்க, லேசா இருந்தா கூடையில தண்ணி. "குழந்தையைத் தூக்குற மாதிரி தூக்கிப் பாருடி, பசிச்சிருக்கா இல்லையான்னு கனமே சொல்லும்"னு சின்னப் பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. கடுங்குளிர் வரும்னு வானிலையில சொன்னா முந்தின சாயங்காலமே நனைச்சிடுவாங்க, ஈர மண்ணுல சூடு நிக்கும்னு.

பேர் எழுதுன மார்க்கர் எல்லாம் வெயில்ல அழிஞ்சு போச்சு. வெள்ளை டப்பாவைப் பட்டையா வெட்டி பென்சில்ல எழுதி மண்ணுல சொருகுனோம். பென்சில் கடைசி வரைக்கும் அழியலை.

என்ன ஆச்சு

டானியா முளைக்க ரொம்ப நாள் எடுத்துச்சு, ஆனா வந்தது கெட்டியா வந்துச்சு. விதையை உருட்டி ரெண்டா உடைச்சுப் போட்ட பாட்டில்ல முன்னாடியே வந்துச்சு. ஜூன்ல போட்ட மிளகாய் ரெண்டு பாட்டில்லயும் எதுவும் வரலை, தோண்டிப் பார்த்தா விதை அழுகியிருந்துச்சு. ஆகஸ்ட் கடைசியில போட்டது செப்டம்பர்ல முளைச்சுது. ஆயா அந்தப் பாட்டிலைத் தன் வீட்டு ஸ்டூப்புக்கே (வாசல் திண்ணைக்கே) எடுத்துட்டுப் போய்ப் பார்த்துக்கிட்டாங்க.

செப்டம்பர் ரெண்டாவது வாரத்துல நடலாம்னு இருந்தோம், இன்னும் ஒரு பனி பாக்கி இருக்கும்னு ஆயா தடுத்தாங்க, அதே மாதிரி வந்துச்சு. அதுக்கப்புறம்தான் நட்டோம். நட்ட மறுநாளும் ஒரு நாத்து கூடத் தலை சாயலை, நர்சரி நாத்து எப்பவும் ரெண்டு மூணு நாள் துவண்டு கிடக்கும், இது வெளிக் காத்துலயே வளர்ந்ததால நேரா நின்னுச்சு. நட்டதுல முட்டைகோஸ் மட்டுமே கோயில் நிலத்துக்குப் போக பக்கத்து வீடுகளுக்கும் குடுக்கிற அளவு இருந்துச்சு. செண்டுமல்லி தீபாவளிக்குப் பூத்து சாமிக்கு மாலையாச்சு.

டப்பாவைப் பொறுத்த வரைக்கும் நாங்க பார்த்தது: எல்லாத்துலயும் மேல 5 லிட்டர் எண்ணெய் பாட்டில், ஷேட் நெட் போட்டதுக்கு அப்புறம். மண்ணு ஆழம் நிறைய, நாத்து தண்டு தடிப்பா வந்துச்சு. அடுத்தது பால் பாட்டில், எந்தப் பக்குவமும் இல்லாமலே நல்லா வந்தது அதுதான். ஐஸ்க்ரீம் டப்பா கீரைக்கு நல்லது. ரெண்டு லிட்டர் கூல்ட்ரிங்க் பரவாயில்லை, குறுகலா இருக்கிறதால ஒரு பாட்டில்ல நாலஞ்சு நாத்துக்கு மேல வேணாம். ஸ்ட்ராபெர்ரி பெட்டியும் டேக்அவேயும் மார்ஜரினும் வேலைக்கு ஆகலை.

அக்டோபர்ல பாட்டில்களை எடுத்து வைக்கும்போது, வெயில் பக்கம் இருந்த பால் பாட்டில் விரலால அழுத்துனா செதில் செதிலா வந்துச்சு. அந்தச் செதில் மண்ணுல கலந்தா திரும்பப் பொறுக்க முடியாது, கீரை போடுற மண்ணுல பிளாஸ்டிக் தூள் சேர்க்கிறதுக்கா இத்தனை பாடுபட்டோம்னு எனக்கு மனசு கேக்கலை. உக்காந்து பொறுக்கி எடுத்தோம். எண்ணெய் பாட்டிலும் கூல்ட்ரிங்க் பாட்டிலும் கெட்டியா இருந்துச்சு, கழுவி நிழல்ல கவுத்து வெச்சாச்சு.

அடுத்த தடவை மாத்தப் போறது

ஜூன்ல அவசரமா சேர்க்காம ஏப்ரல்லேருந்தே கோயில் ஹால் சமையல்கட்டுல சொல்லி வெச்சு எண்ணெய் பாட்டிலை எடுத்து வைக்கப் போறாங்க, ஒரு கல்யாணத்துக்கே நிறைய சேரும். பால் பாட்டில் ஒரே சீசன்தான், செப்டம்பர்ல நாத்து எடுத்த கையோட மறுசுழற்சிக்குப் போயிடணும், நொறுங்குற வரைக்கும் வெச்சிருக்கக் கூடாது. தட்டையான எதையும் வாங்கவே வேணாம்னு ஹால் வாசல்லயே சொல்லியாச்சு. லெட்டூஸ் பால் பாட்டில்லயும் எண்ணெய் பாட்டில்லயும் மட்டும். மிளகாயும் செண்டுமல்லியும் ஆகஸ்ட்ல.

டர்பன் பக்கம் இருக்கிற சொந்தக்காரங்க இதைக் கேட்டுட்டு அவங்களும் செய்யலாமான்னு கேட்டாங்க. அங்க உறைபனியே கிடையாது, ஜூலையில கூட பகல் 22, 23 டிகிரி, ராத்திரி 11 வாக்குல, டானியாவையும் லெட்டூஸையும் நேரா பாத்தியிலயே போடலாம், மூடி எதுக்கு. அவங்களுக்கு பாட்டில் தேவைப்பட்டா அது குரங்குகிட்டேருந்து நாத்தைக் காப்பாத்தத்தான். பீட்டர்மரிட்ஸ்பர்க் பள்ளத்துல இருக்கிறவங்களுக்குப் பனி உண்டு, அவங்க பால் பாட்டில்ல ஆரம்பிச்சுப் பார்க்கலாம், தண்ணி விஷயம் அங்கயும் இதே மாதிரிதான், குளிர்காலத்துல வானத்தை நம்ப முடியாது.

ஒண்ணு மட்டும் இன்னும் முடிவாகலை. எண்ணெய் பாட்டிலை முழுசா தெளிவா விடாம, வெளிப்பக்கம் சுண்ணாம்புத் தண்ணி லேசா பூசினா பால் பாட்டில் மாதிரி வெயிலைப் பரப்பி விடுமான்னு மருமக கேக்குறாங்க, அப்படி ஆனா ஷேட் நெட்டும் வேண்டாம், காத்துல அது பறக்குற தொல்லையும் இல்லை. வர்ற ஜூன்ல ஒரு கூடை பூசினது, ஒரு கூடை பூசாததுன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சு ரெண்டுலயும் லெட்டூஸ் விதைக்கப் போறோம், தெர்மாமீட்டரோட.